வீச்சு வலை வாங்கப் போகிறீர்களா? பினாங்குக் கரைக்கு ஏற்றதை அளந்து எடுக்கும் முறை

கடையில் வீச்சு வலை கேட்டால் முதலில் வரும் கேள்வி "எத்தனை அடி?" என்பதுதான். எட்டு அடி, பத்து அடி என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வாங்கிப் போகிறவர்கள் அதிகம். அந்த வலையைக் கரையில் நின்று வீசினால் வட்டமாக விழாது. வாழைக்காய் மாதிரி நீண்டு விழும், அல்லது சுருண்டு ஒரே கட்டியாகத் தண்ணீருக்குள் போகும். பத்துத் தடவை முயற்சி செய்துவிட்டு, நமக்கு இது கை வராது என்று வலையை மூலையில் போட்டுவிடுவார்கள். பல நேரங்களில் தப்பு வலையில்தான் இருக்கும். எவ்வளவு பழகிய கையாலும் விரிக்க முடியாத வலைகள் கடையில் தாராளமாகத் தொங்குகின்றன. அவற்றை அங்கேயே கண்டுபிடித்துவிடலாம், ஐந்து நிமிடம் போதும்.

மலாய்க்காரர்கள் ஜாலா என்று சொல்லும் இந்த வலையில் ஐந்து பாகங்கள். உச்சியில் தலை, தலையிலிருந்து கைக்கு வரும் கைக்கயிறு, நடுவில் வலை உடம்பு, கீழே வட்டமாக ஓடும் அடிக்கயிறு, அதில் கோத்த ஈயம் அல்லது சங்கிலி. வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அடிக்கயிறு. வழக்கமாகக் கடைசியில்கூட யாரும் பார்க்காதது அதுதான்.

அடிக்கயிற்றை அளந்து பாருங்கள்

முதலில் "எட்டு அடி" என்றால் என்ன என்று தெளிவாகக் கேளுங்கள். ஒரு கடையில் அது தலையிலிருந்து ஈயம் வரை உள்ள நீளம். இன்னொரு கடையில், குறிப்பாக இணையத்தில் விற்கும்போது, விரித்துப் போட்டால் குறுக்கே வரும் அகலம். அகலக் கணக்கில் எட்டு அடி என்றால் உண்மையில் அது நான்கு அடி வலை, சின்னப் பிள்ளைகள் வாய்க்காலில் வீசிப் பழகும் அளவு. ஆகவே "தலையிலிருந்து ஈயம் வரை எத்தனை அடி?" என்றே கேளுங்கள். இனி இங்கே சொல்லும் நீளமெல்லாம் இந்தக் கணக்குதான்.

அடுத்து, அடிக்கயிற்றில் ஓர் இடத்தில் கலர் நூல் ஒன்றைக் கட்டிவிட்டு, அங்கிருந்து சுற்றி அளந்து மறுபடி அதே நூலுக்கு வாருங்கள். டேப் இல்லையென்றால் கையை விரித்துப் பாகம் போட்டு அளக்கலாம். ஆனால் உங்கள் பாகம் எத்தனை அடி என்று வீட்டிலேயே அளந்து வைத்துக்கொள்ளுங்கள். சிலருக்கு ஐந்தரை வரும், சிலருக்கு ஆறு.

வட்டமாக விரிய வேண்டிய வலைக்கு அடிக்கயிறு வலை நீளத்தைப் போல ஆறு மடங்குக்குக் கொஞ்சம் கூட வேண்டும். 6 அடி வலைக்கு 38 அடி, 7 அடி வலைக்கு 44 அடி, 8 அடி வலைக்கு 50 அடி. ஐந்தரை மடங்கு வரை குறைந்தாலும் வாங்கலாம். நான்கு மடங்குதான் இருக்கிறது என்றால் அந்த வலையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது மணி மாதிரித் தொங்குமே தவிர, தட்டு மாதிரி விரியவே விரியாது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று தெரியும். 8 அடி வலைக்கு 32 அடி அடிக்கயிறு மட்டும் இருந்தால், அது எப்படி விரிந்தாலும் மறைக்கும் தரை ஏறக்குறைய 81 சதுர அடி. நல்ல 6 அடி வலை முழுதாக விரிந்தால் 113 சதுர அடி. அதாவது பணம் அதிகம் கொடுத்து, பாரம் அதிகம் தூக்கி, மீன் குறைவாக எடுக்கிறீர்கள். நூலை மிச்சம் பிடிக்க ஆலைக்காரர்கள் முதலில் கை வைப்பது இந்த இடத்தில்தான்.

கையால் பின்னிய வலையில் கீழே போகப் போகச் சில வரிசைகளுக்கு ஒரு முறை கூடுதல் கண் (வலையின் ஓட்டை) சேர்த்துக்கொண்டே போவார்கள், அதனால் வலை சீராக அகலும். இயந்திர வலையில் பீட்சாத் துண்டு மாதிரி வெட்டிய துண்டுகளைச் சேர்த்துத் தைத்திருப்பார்கள். ஆறு அல்லது எட்டுத் துண்டு உள்ளது நன்றாக விழும். நான்கு துண்டு வலை சதுரமாக விழப் பார்க்கும். தையல் ஓடும் கோட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பாருங்கள். மற்ற இடத்தைவிடத் தையல் விறைப்பாக நின்றால் அந்தக் கோட்டில் வலை மடங்கிக்கொள்ளும், வீசும்போதெல்லாம் அதே இடத்தில் நட்சத்திரம் மாதிரி உள்ளே இழுத்துக்கொள்ளும்.

கண் அளவு

இதிலும் இரண்டு கணக்கு உண்டு. ஒரு முடிச்சிலிருந்து அடுத்த முடிச்சு வரை அளப்பது ஒன்று. கண்ணை நீளமாக இழுத்துப் பிடித்து, எதிரெதிர் முடிச்சுகளுக்கு நடுவே அளப்பது இன்னொன்று. இரண்டாவது முதலாவதைப் போல இரு மடங்கு. கடைக்காரர் "அரை அங்குலம்" என்று சொல்வதும் உங்கள் நண்பர் "ஒரு அங்குலம்" என்று சொல்வதும் ஒரே வலையாக இருக்கலாம். சின்ன அடிக்கோல் ஒன்றைச் சட்டைப் பையில் கொண்டுபோங்கள். ஒரு கண்ணை அளந்தால் பிழை வரும். பத்துக் கண்ணை வரிசையாக இழுத்துப் பிடித்து அளந்து பத்தால் வகுங்கள்.

இழுத்து அளந்த கணக்கில் சொன்னால், இறாலுக்கு 1 அங்குலம், அதாவது 25 மில்லிமீட்டர். ஒரு சாண் அளவு மடவைக்கு, பெலானாக் என்று பாசாரில் கேட்பீர்களே அதற்கு, ஒன்றரை அங்குலம். கொடுவா, பெரிய மடவை என்று தேடிப் போகிறவர்களுக்கு 2 அங்குலத்துக்கு மேல்.

கண் சின்னதாக இருந்தால் எல்லாம் மாட்டும் என்று நினைக்காதீர்கள். கண் சின்னதானால் ஒரே பரப்பில் நூல் அதிகம், முடிச்சு அதிகம். தண்ணீர் அதன் வழியாகப் போகத் திணறும், வலை குடை மாதிரி மெதுவாக இறங்கும். மடவை வேகமான மீன். வலையின் நிழல் விழுந்ததும் ஓரத்துக்கு ஓடி, ஈயம் தரையைத் தொடும் முன்பே வெளியே போய்விடும். இறால் வலையால் மடவை பிடிக்க முடியாமல் போவது இதனால்தான்.

மறுபக்கம், மீனுக்குக் கண் கொஞ்சம் பெரிதாகப் போனால் ஒவ்வொரு மீனும் செவுளில் மாட்டி நிற்கும். கண்ணின் முழுச் சுற்றளவைவிட மீனின் சுற்றளவு கால் பங்கு மட்டும் அதிகமாக இருக்கும்போது இது நடக்கும். நாற்பது மீனை ஒவ்வொன்றாக உருவி எடுப்பதற்குள் நீரோட்டம் மாறிவிடும். இங்கே நமக்கு வேண்டியது வளைத்துப் பிடிக்கும் வலை. மாட்டிப் பிடிப்பது செவுள் வலையின் வேலை.

ஒரு அங்குலத்துக்குக் கீழே போகாதீர்கள். பாக்காவ் என்னும் கண்டல் மர வேர்களுக்கு நடுவிலும் சேற்றுத் தரையிலும் ஒதுங்குவதில் பாதிக்கு மேல் குஞ்சுகள். கொடுவா, இறால், மடவை எல்லாமே சின்ன வயதில் அங்கேதான் வளர்கின்றன. சின்னக் கண் வலையால் ஒரு வீச்சில் அள்ளும் நூறு குஞ்சு கறிக்கும் உதவாது, அடுத்த வருஷத்துக்கும் இருக்காது.

எடை

அடிக்கயிற்றில் ஒவ்வோர் அடிக்கும் குறைந்தது 70 கிராம் இருக்க வேண்டும். 6 அடி வலைக்கு மொத்த ஈயம் 2.7 கிலோ, 7 அடிக்கு 3.2 கிலோ, 8 அடிக்கு 3.6 கிலோ. நீரோட்டம் இழுக்கும் ஆற்றுமுகத்தில் வீசுவதென்றால் அடிக்கு 100 கிராம் வரை போகலாம். 20 கிராம் ஈயம் என்றால் இரண்டு குண்டுகளுக்கு நடுவே நான்கு விரல் இடைவெளி இருக்கும். கடையில் நான்கு விரலை வைத்துப் பார்த்தாலே போதும். ஆறு விரல், எட்டு விரல் இடைவெளி இருக்கிறதா, அந்த இடைவெளியில் வலை தரையை விட்டு எழும்பி நிற்கும். மீனுக்கு அது திறந்த கதவு.

ஒட்டுமொத்த எடை சரியாக இருந்தும் ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் தளர்வாகவும் கோத்திருந்தால், கனமான பக்கம் முதலில் பறந்து மற்றதை இழுத்துக்கொண்டு போகும். வீசுகிற வலை எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்ந்து விழுந்தால் அங்கே பாருங்கள்.

ஈயமா, சங்கிலியா என்பது தரையைப் பொறுத்தது. சேற்றில் ஈயம் புதைந்து ஓரத்தை நன்றாக மூடும். சங்கிலி இடைவெளி இல்லாமல் தொடர்ந்து கிடப்பதால் மணலில் அருமையாக உட்காரும், கல்லும் கிளிஞ்சலும் உள்ள இடத்திலும் உதவும். ஆனால் மலிவான சங்கிலி சில மாதத்தில் துருப்பிடிக்கும். துருவின் சொரசொரப்பு அதைக் கட்டிய நூலை உள்ளிருந்து அறுத்துவிடும், கடைசியில் வலை இருக்கும், சங்கிலி கடலில் இருக்கும். சங்கிலி வாங்கினால் துருப்பிடிக்காத எஃகு, இல்லையென்றால் ஈயமே மேல்.

ஈயக் குண்டு ஒவ்வொன்றின் மேலும் விரலை ஓட்டுங்கள். வார்ப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் கூர் இருந்தால் அது வலையைக் கிழிக்கும். வாங்கிய பிறகு கண்டுபிடித்தால் அரம் வைத்துத் தேய்த்துவிட்டுக் கையை நன்றாகக் கழுவுங்கள். ஈயம் விஷம். வீசும்போது அடிக்கயிற்றைப் பல்லால் கடித்துப் பிடிக்கும் பழக்கம் பரவலாக உண்டு. வேண்டாம். பல் உபயோகிக்காமல் வீசும் முறை கீழே இருக்கிறது.

நூல்

இன்று விற்பதில் பெரும்பகுதி ஒற்றை நரம்பு நைலான், தங்கூசி வலை என்பார்களே அது. தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது, சேறு ஒட்டாது, சீக்கிரம் இறங்கும். இறால் வலைக்கு 0.20 முதல் 0.25 மில்லிமீட்டர் கனம் போதும். பெரிய மீனுக்கு 0.30 பக்கம் போகலாம். முறுக்கு நூல் வலை மென்மையானது, கைக்கு அடங்கும், கிழிந்தால் தைப்பது சுலபம். ஆனால் சேற்றைக் குடித்துக் கனக்கும், இறங்குவதும் மந்தம். பாக்காவ் மரப்பட்டையை ஊறவைத்த சாயத்தில் பருத்தி வலைகளை நனைத்து எடுத்த காலம் ஒன்று இந்தக் கரைகளில் இருந்தது. அந்தச் சாயம் பருத்தி உளுத்துப்போகாமல் காக்கும். நைலானுக்கு அந்தக் கவலை இல்லை. அதன் எதிரி வெயில்.

நைலான் என்று சொல்லிப் பாலித்தீன் நூல் வலையை விற்பதும் நடக்கிறது. ஓரத்தில் தொங்கும் மிச்ச நூலில் விரல் கடை அளவு வெட்டி ஒரு கிளாஸ் தண்ணீரில் போட்டு, காற்றுக் குமிழி போக விரலால் அமுக்கி விடுங்கள். நைலான் மூழ்கும். பாலித்தீன் மிதக்கும். மிதக்கும் நூலில் செய்த வலை இறங்குவதற்குள் மீன் கோலா மூடா ஆற்றுமுகத்தையே தாண்டிவிடும்.

முடிச்சையும் சோதியுங்கள். ஒரு முடிச்சின் இருபக்க நூலையும் பிடித்துப் பக்கவாட்டில் இழுங்கள். முடிச்சு நகர்ந்து கண் கோணலானால் அந்த வலை இரண்டு மாதத்தில் எங்கும் ஒரே அளவு கண்ணாக இருக்காது. வலையின் நடுவில் இரண்டு இடத்திலும் அடிக்கயிற்றுப் பக்கத்தில் மூன்று இடத்திலும் பாருங்கள். முறியும் வலை பெரும்பாலும் அடியில்தான் முறியும்.

மடி வலையா, உள்கயிறு வலையா

நம் பக்கம் அதிகம் கிடைப்பது மடி வைத்த வலை. ஓரம் உள்பக்கமாக மடித்து, ஒன்றேகால் அடிக்கு ஒரு கட்டாக மேலே தூக்கிக் கட்டியிருக்கும். வலையை மேலே இழுக்கும்போது மீன் கீழே ஓடி அந்த மடிக்குள் விழும். உள்கயிறு வலையில் அடிக்கயிற்றிலிருந்து பல நரம்புகள் தலை வழியாக வந்து கைக்கயிற்றில் சேரும். கயிற்றை இழுத்தால் சுருக்குப் பை மாதிரி வாய் மூடும்.

முதல் வலை வாங்குகிறவர்களுக்கு மடி வலையையே சொல்வோம். சேற்றில் கிடக்கும் குச்சியும் வேரும் உள்கயிற்றில் மாட்டினால் பிரித்தெடுப்பது பெரும்பாடு. தரை சுத்தமான மணல் கரையில் நின்று கொஞ்சம் ஆழமாக வீசுகிறவர்களுக்கு மட்டும் உள்கயிறு வலை பிரயோசனம். மடி வலையை வாங்கும்போது மடியின் ஆழம் முக்கால் அடியிலிருந்து ஒன்றேகால் அடிக்குள் இருக்கிறதா, ஒவ்வொரு கட்டும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கட்டு அறுந்தால் அந்த இடத்தில் மடி தொங்கிப்போய் மீன் அதன் வழியாகவே நழுவும். வலை நீளம் அளக்கும்போது மடிந்த பகுதியைச் சேர்க்காமல், ஈயம் கிடக்கும் இடம் வரை மட்டும் அளக்க வேண்டும்.

கைக்கயிறு 6 மில்லிமீட்டர் பின்னல் கயிறாக, 6 மீட்டர் நீளம் இருந்தால் வசதி. மெல்லிய கயிறு ஈரக் கையை அறுக்கும். தலைக்கும் கயிற்றுக்கும் நடுவே சுழல்வளையம் ஒன்று இருந்தால் கயிறு முறுக்கேறாது. இல்லையென்றால் நீங்களே வாங்கிப் போட்டுக்கொள்ளலாம், சின்னச் செலவுதான்.

எந்தக் கரைக்கு எது

நின்ற இடத்திலிருந்து வீசுகிறவர்களுக்கு 6 அடி, பழகியபின் 7 அடி. 8 அடிக்கு மேலே போவது சம்பானில் (சிறு படகில்) நின்று வீசுகிறவர்களுக்கும் நெடுநாள் பழகியவர்களுக்கும்தான். நனைந்து சேறு ஏறிய 8 அடி வலையை இருபது தடவை தூக்கிப் பார்த்தால் தோள் சொல்லிவிடும்.

தண்ணீர் ஆழம் வலை நீளத்தில் பாதி இருந்தால் நல்லது. 6 அடி வலைக்கு 3 அடித் தண்ணீர். இறங்க இறங்க வலை சுருங்கிக்கொண்டே வரும். வலை நீளத்துக்குச் சமமான ஆழத்துக்கு மேல் வீசினால் தரையைத் தொடும்போது கையில் இருப்பது மூடிய குடை.

செபராங் பிறைப் பக்கம், கோலா மூடா, பத்து காவான், நிபோங் திபால் கிரியான் ஆற்றுமுகம் எல்லாம் சேறு. அங்கே ஈயம் வைத்த மடி வலை, ஒன்றரை அங்குலக் கண். ஆப்பி-ஆப்பி மரத்தடியில் பென்சில் மாதிரி மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர் உள்ள இடத்தில் வீசாதீர்கள். நீர் ஏறியிருக்கும்போது அது தெரியாது, அதனால் வற்றத்தில் ஒருமுறை போய் இடத்தைப் பார்த்து வைத்துவிடுங்கள். கோலா மூடாவில் காதோடு காதாக விலை பேசும் மீன் சந்தை இருக்கிறதே, அங்கே ஒரு நாள் போய் எந்த அளவு மடவையும் இறாலும் வருகிறது என்று பார்த்துவிட்டு வந்தால் கண் அளவைத் தீர்மானிப்பது சுலபம்.

தீவுப் பக்கம் பத்து பிரிங்கி, தெலுக் பஹாங் போன்ற இடங்களில் மணலும் பாறையும் மாறி மாறி வரும். மணல் திட்டில் மட்டும் வீசுங்கள். ஜெட்டிக் கால்களில் ஒட்டியிருக்கும் சிப்பி கத்தி மாதிரி. பத்து அடியாவது தள்ளி நில்லுங்கள்.

பினாங்கில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீர் அதிகம் ஏறி அதிகம் வற்றும். ஏற்றம் தொடங்கி முதல் இரண்டு மணி நேரம் மடவை கூட்டமாகச் சேற்றுத் தரைக்கு மேயவரும். இறாலுக்கு இரவு வற்றம். அந்தப் பெரிய ஏற்ற நாள்களில் சேற்றுத் திட்டில் வெகுதூரம் நடந்து போகாதீர்கள், நீர் பின்னால் உள்ள வாய்க்காலை முதலில் நிரப்பித்தான் உங்களிடம் வரும்.

முதல் நாள்

புது நரம்பு வலை கம்பி மாதிரி விறைப்பாக இருக்கும். ஒரு வாளி தண்ணீரில் துணி மென்மையாக்கும் திரவம் ஒரு மூடி ஊற்றி, வலையை அரை மணி நேரம் ஊறவிட்டு, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் தொங்கவிடுங்கள். இதைச் செய்யாமல் வீசிவிட்டு வலையைத் திட்டுவதில் நியாயமில்லை.

வலது கைக்காரர்களுக்கு வீசும் முறை இது. மோதிரம், கடிகாரம், பொத்தான் சட்டை எல்லாவற்றையும் கழற்றுங்கள். வலை பொத்தானில் மாட்டினால் கூடவே இழுக்கும். கைக்கயிற்றின் வளையத்தை இடது மணிக்கட்டில் போடுங்கள். கையை மடக்கினால் கழன்று வரும் அளவுக்குத் தளர்வாக இருக்க வேண்டும். இறுகும் சுருக்கு முடிச்சு போட்டு, நீரோட்டமோ படகோ வலையை இழுத்துப் போனால் உயிருக்கே ஆபத்து. கயிற்றை இடது கையில் சுருளாக்குங்கள், தலையையும் அதே கையில் பிடியுங்கள். வலையின் பாதி நீளத்தில் மறுபடி இடது கையால் பற்றுங்கள், அடி ஈயம் முழங்கால் உயரத்தில் தொங்கும். இப்போது அடிக்கயிற்றில் ஓர் இடத்தை எடுத்து இடது முழங்கை மேல் போடுங்கள். மிச்சத்தில் பாதியை வலது கையில் அள்ளுங்கள். உடம்பை இடப்பக்கம் திருப்பி, இடுப்பிலிருந்து சுழன்று, தட்டை வீசுகிற மாதிரிக் கிடையாக விடுங்கள். வலது கை விட்டபிறகுதான் முழங்கையில் கிடப்பது நழுவ வேண்டும். கையின் பலத்தால் எறிந்தால் வலை தூரம் போகும், விரியாது. புல்தரையில் ஐம்பது தடவை வீசிப் பழகிவிட்டுத் தண்ணீருக்குப் போங்கள். சிமெண்டுத் தரையில் பழகினால் வலை தேயும்.

விழுந்ததும் உடனே இழுக்காதீர்கள். ஈயம் தரையில் உட்காரும் வரை கயிற்றைத் தளர விடுங்கள். பிறகு செங்குத்தாக, சின்னச் சின்ன இழுப்பாக இழுங்கள். ஈயம் தரையைத் தடவிக்கொண்டே ஒன்றுசேரும். சரிவாக இழுத்தால் முன்பக்கம் எழும்பி எல்லாம் வெளியே போகும். எதிலாவது மாட்டினால் பலமாக இழுக்காமல், மறுபக்கம் சுற்றிப் போய் எதிர்த்திசையில் இழுத்துப் பாருங்கள்.

வலையில் நமக்கு வேண்டிய மீன் மட்டும் வராது. இருங்கெளுத்தி, செம்பிலாங் என்பார்களே, அதன் முதுகு முள் ஒன்றும் பக்க முள் இரண்டும் விஷம். துடிக்கும் கெளுத்தியைக் கையால் பிரிக்க முயலாமல் இடுக்கியால் பிடித்து, தேவையானால் வலையில் இரண்டு கண்ணை வெட்டிவிடுங்கள். குத்திவிட்டால் அந்த இடத்தைத் தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்து, மருத்துவமனைக்குப் போங்கள். பினாங்குக் கடலில் பெட்டிச் சொறிமீனும் உண்டு. அதன் இழைகள் வலையில் ஒட்டிக் காய்ந்த பிறகும் சுடும், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். சுட்ட இடத்தில் நல்ல தண்ணீர் ஊற்றாமல் வினிகர் ஊற்றுங்கள். பெலாங்காஸ் என்னும் குதிரைலாட நண்டு வாலும் காலுமாகச் சுற்றிக்கொண்டால் அவசரப்பட்டு வாலைப் பிடித்துத் தூக்காமல், மல்லாக்கப் போட்டு ஒவ்வொரு காலாக எடுத்து விட்டுவிடுங்கள்.

கிழிசல்

ஒரு கண் அறுந்த அன்றே தையுங்கள். அடுத்த வீச்சில் ஒன்று ஐந்தாகும். வலை ஊசியும், கண் அளவுக்குச் சரியாக அகலம் உள்ள சின்னப் பலகைத் துண்டும், அதே கனம் உள்ள நூலும் வேண்டும். பலகையின் அகலம் முடிச்சுக்கு முடிச்சு அளவு. 1 அங்குல வலைக்கு அரை அங்குலப் பலகை.

தைக்கும் முன் கிழிசலைச் சரியாக வெட்டுவதில்தான் வித்தை இருக்கிறது. ஒவ்வொரு முடிச்சிலிருந்தும் நான்கு நூல் கால் கிளம்பும். கிழிசலின் உச்சியில் ஒரு முடிச்சில் மூன்று கால் மிச்சம் இருக்க வேண்டும், அடியில் ஒரு முடிச்சிலும் மூன்று கால். நடுவில் உள்ள எல்லா முடிச்சிலும் இரண்டு கால் மட்டும் இருக்கும்படி ஒற்றைக் கால்களைக் கத்தரித்துவிடுங்கள். உச்சி மூன்று கால் முடிச்சில் தொடங்கி, பக்கவாட்டில் போய்ப் போய் வந்து, அடி மூன்று கால் முடிச்சில் முடித்தால் ஒரு கண்கூடக் கூடாமல் குறையாமல் வரும். வெட்டாமல் அப்படியே தொடங்கினால் கடைசியில் ஒரு கால் தொங்கும், எங்கே தவறியது என்று புரியாது. நரம்பு நூலில் ஒற்றை முடிச்சு வழுக்கும். இரட்டைச் சுற்று போட்டு, எச்சில் தொட்டு ஈரமாக்கி மெதுவாக இறுக்குங்கள். காய்ந்த நரம்பை வேகமாக இறுக்கினால் உரசல் சூட்டில் அதே இடத்தில் பலம் போய்விடும்.

கடலுக்குப் போகும் முன் உங்கள் மாவட்ட மீன்வள அலுவலகத்தில் உரிமம் பற்றிக் கேட்டுவிடுங்கள். கடலுக்கு ஒரு விதி, ஆற்றுக்கு மாநில விதி. தெலுக் பஹாங்கில் உள்ள தேசியப் பூங்கா எல்லைக்குள் வலையோடு போகாதீர்கள். வெடி, நஞ்சு, மின்சாரம் வைத்து மீன் பிடிப்பது 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். அப்படிச் செய்கிறவர்களைப் பார்த்தால் அந்த அலுவலகத்துக்கே தகவல் சொல்லலாம்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, மடிகளைப் பிரித்து உள்ளே கிடக்கும் சேற்றையும் நண்டுக் காலையும் உதறுங்கள். தலையைப் பிடித்து நிழலில் தொங்கவிடுங்கள். துருப்பிடித்த ஆணி வேண்டாம், மரக்கொக்கி போதும். காய்ந்தபின் வாளியில் போட்டு மூடி வையுங்கள். இறால் வாடைக்கு எலி வரும், வலையின் நடுவில்தான் கடிக்கும்.